புதுப்பிப்பு: அம்மாவின் இடுப்பு மூட்டு மாற்று, சிமென்ட் இல்லாத தண்டு

செயற்கை மூட்டின் தண்டை, அதாவது தொடை எலும்புக்குள் இறங்கும் உலோகப் பகுதியை, எலும்பு சிமென்ட் போட்டு ஒட்டாமல் வைத்தால் தொடை வலிக்குமாமே, அம்மாவுக்கு எது நல்லது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அறுவை சிகிச்சை முடிந்தது, சிமென்ட் இல்லாததுதான் வைத்தார்கள்.

கைகொடுத்தது, தண்டின் உலோகத்தையும் பூச்சையும் டாக்டரிடம் கேட்கச் சொன்ன யோசனை. முழு நீளத்துக்கும் நுண்துளைப் பூச்சு போட்ட பழைய கோபால்ட்-குரோம் தண்டுகள் எலும்பைவிட ரொம்ப விறைப்பானவை, பாரத்தைத் தாங்களே வாங்கிக் கீழே இறக்கிவிடும், அதனால்தான் மேல் எலும்பு மெலிவதும் சிலருக்குத் தொடை வலியும். அம்மாவுக்கு வைத்தது கீழே போகப்போகக் குறுகும் டைட்டானியம் தண்டு, மேலே ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பில் இருக்கும் கால்சியத் தாது போன்றது) பூச்சு. 1980களில் புழக்கத்துக்கு வந்த இந்தப் பூச்சின்மேல் எலும்பு நேரடியாக வளர்ந்து பிடித்துக்கொள்கிறது.

தொடை வலி இல்லை. எதிர்பாராதது ஒன்று: முதல் மறுபரிசோதனை எக்ஸ்ரேயில் தண்டு ஓரிரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது, பயந்துபோனோம். அடுத்த எக்ஸ்ரேயில் அங்கேயே நிலைத்து நின்றது.