தொண்டமான் என்பது அப்பா பேரா, பட்டமா?

கேள்வி: றம்பொடை டீச்சர்
தரம் 9க்கு மலையக வரலாறு சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை எழும்பி, “டீச்சர், மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான், பேரன் ஆறுமுகன் தொண்டமான், அவர் மகன் ஜீவன் தொண்டமான். அந்தப் பேர் மட்டும் எப்படி இறங்கி வருது? எங்க தாத்தா பேர் என் பேர்ல இல்லையே?” என்று கேட்டாள். அவர்களுடைய வேவண்டன் தோட்டம் எங்கள் பக்கம்தான். அப்படியிருந்தும் எனக்குப் பதில் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஹட்டன், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்
மகள், அது பட்டம். சேரமான், அதியமான் போலத்தான் தொண்டைமானும். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பெரும்பாணாற்றுப்படை பாடுகிறது. அதியமானுக்காக ஔவை தூது போனதும் ஒரு தொண்டைமானிடம். உன் ஆயுதங்கள் நெய் பூசி, பீலி சூடிக் காவல் மனையில் இருக்கின்றன. அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாளே, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், மறக்கமாட்டார்கள். பிறகு குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான். புதுக்கோட்டை மன்னர்களும், 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேரும்வரை, தொண்டைமான்களே. பட்டம் ஒன்று என்பதால் எல்லோரையும் ஒரே குடும்பமாக்கிவிடக் கூடாது. நம் வாயில் ஐகாரம் உதிர்ந்து ‘தொண்டமான்’ ஆயிற்று.
சௌமியமூர்த்தி 1913இல் சிவகங்கைப் பக்கம் பிறந்தவர். 1947இல் நுவரெலியா எம்.பி. மறு வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்து நம் சனத்தை நாடற்றவர்களாக்கியது.

பதில்: பதுளைக்காரன்
ஐயா சொன்னது சரி. ஆனால் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த எங்களுக்குச் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், விழுந்ததுதான் பேர். அம்மா மாரியாயி. செக்ரோலில் ‘மாரி’, அடையாள அட்டையில் ‘மாரியாய்’. ஈ.பி.எஃப். (சேமலாப நிதி) காசு எடுக்கப் போனபோது, மூன்றும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி கேட்டார்கள். முப்பது வருஷம் கொழுந்து பறித்த கை. ரேகை தேய்ந்து, பெருவிரல் அடையாளம் சரியாக விழவில்லை. மை தடவித் தடவி மூன்று தரம் வைத்தாள்.
அப்பா பேர் முன்னெழுத்தாகி நம்மோடு நின்றுவிடுகிறது, டீச்சர். ஊர்ப் பேரைத்தான் பாட்டிமார் விடாமல் வைத்திருந்தார்கள். எங்கள் பாட்டிக்குத் துறையூர்.

றம்பொடை டீச்சர்
நன்றி ஐயா, நன்றி அண்ணன். அம்மாவின் கையை நினைக்க மனம் கேட்கவில்லை. ஔவை கதையை இன்று வகுப்பில் சொன்னேன். அந்தப் பிள்ளையிடம் வீட்டில் கேட்டுவரச் சொல்லியிருந்தேன். கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாள்: அப்பா, தாத்தா, பூட்டன், பூட்டனின் அப்பா என்று நாலு பேர். கடைசியில், ‘முசிறி’.