நாலு வயது பிள்ளையோடு காகிதப் பூ

கேள்வி (திருவையாறு): ஆடிப்பெருக்குக்கு வீட்டை அலங்கரிக்க மகளோடும் அக்கா பையனோடும் காகிதப் பூ செய்ய உட்கார்ந்தேன். கலர் பேப்பரில் இதழ் விறைப்பாகவே நிற்கிறது, கத்தரியும் பிள்ளை கைக்குப் பிடிபடவில்லை. என்ன செய்யலாம்?

கும்பகோணம்: கிரேப் பேப்பர் வாங்குங்க. அதன் சுருக்கக் கோடு இதழின் உயரவாக்கில் வரும்படி நீங்கள் வெட்டிக் கொடுத்தால், பிள்ளை இரண்டு கட்டைவிரலையும் நடுவில் வைத்துப் பக்கவாட்டில் மெதுவாக இழுக்கும்போது இதழ் கிண்ணம் போலக் குழிந்துவிடும். என் மகனுக்கு அந்த இழுக்கிற வேலைதான் உயிர். கை ஈரமாக இருந்தால் சாயம் ஒட்டும்.

மன்னார்குடி: கத்தரியே வேண்டாம் அக்கா. டிஷ்யூ பேப்பரை ஐந்தாறு அடுக்கு வைத்து விசிறி மாதிரி மடித்து, நடுவில் நூல் கட்டி, ஒவ்வொரு அடுக்காக மேலே பிரித்துவிட்டால் செவ்வந்தி. பசைக்கு மைதா காய்ச்சினால் போதும். காம்புக்குக் கம்பி வைக்காதீர்கள், கண்ணில் குத்தும். செய்தித்தாளைச் சுருட்டி வையுங்கள்.

தஞ்சாவூர்: அப்புறம் நம்மூர் நெட்டி வேலையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், நீரில் வளரும் செடியின் தண்டைச் சீவிச் செய்வது, 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆற்றில் மட்டும் காகிதப் பூவை விடாதீர்கள், சாயம் கரையும்.

திருவையாறு: சரி, ஆற்றுக்கு நிஜப் பூவே. இன்று சாயங்காலமே செவ்வந்தி செய்து பார்க்கிறோம்.