குடிப்பவருக்கு டாக்டர் இருக்கிறார், தங்கைக்கு யார்?

வைகைக்கரை:
தங்கைக்காகக் கேட்கிறேன், மதுரையில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் தினமும் குடிப்பவர். அவர் வேலைக்குப் போகாத நாளில் மேனேஜருக்குப் போன் போட்டு "வயிற்றுப்போக்கு சார்" என்பது இவள். அவருடைய கைமாற்றை நகை வைத்து அடைப்பதும் இவள். அவர் முகம் வாடினால் இவளுக்குச் சோறு இறங்காது. இதைக் கோ-டிபென்டன்சி என்கிறார்களே, இதற்கு யாரிடம் போவது? போர்டு மாட்டியிருப்பவர்களில் யாரை நம்புவது?

தாமிரபரணி:
தூக்கமே இல்லை, சாகலாம் போலிருக்கிறது என்கிற அளவுக்குப் போயிருந்தால் முதலில் சைக்யாட்ரிஸ்ட், அதாவது மனநல டாக்டர். மாத்திரை எழுத அவரால் முடியும். மற்றபடி இது உட்கார்ந்து பேசித் தீர்க்கிற வேலை, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் போதும். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்தவராக இருக்க வேண்டும். சி.ஆர்.ஆர். எண் என்கிற அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி அவர்கள் தளத்திலேயே சரிபாருங்கள். எம்.எஸ்சி. முடித்த கவுன்சலர் பலருக்கு அந்த எண் இருக்காது. அதற்காகவே ஒதுக்கிவிடாதீர்கள், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி எடுத்தார் என்று கேளுங்கள். பதில் இழுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

போனில் "கோ-டிபென்டன்சி பார்ப்பீர்களா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் பார்ப்போம் என்றுதான் சொல்வார்கள். டாக்டர்கள் பார்க்கிற நோய்ப் பட்டியல்களான டிஎஸ்எம்-5, ஐசிடி-11 இரண்டிலுமே அது தனி நோயாக இல்லை. "குடிநோயாளி வீட்டுப் பெண்களுக்குச் சிகிச்சை கொடுத்திருக்கிறீர்களா? முதல் மூன்று நாலு சிட்டிங்கில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். எதெதை அவருக்காக இவள் செய்கிறாள் என்று பட்டியல் போட்டு, அதில் ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்ப்போம் என்கிற மாதிரி பதில் வந்தால் விஷயம் தெரிந்தவர். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, குழந்தைக்காக" என்று ஆரம்பித்தால் பீஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடலாம்!

பனைமரம்:
அக்கா, ஒரு விஷயம். அடி உதை இருந்தால் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைக்கும் சிட்டிங் வேண்டாம். உள்ளே சொன்னதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்வாள். பெண்கள் உதவி எண் 181-ஐக் கையில் வைத்திருக்கட்டும். அடி இல்லாவிட்டாலும் அவருக்குச் சிகிச்சை தருபவரே இவளுக்கும் வேண்டாம். ஒரு மணி நேரமும் அவருடைய குடியைப் பற்றியே ஓடிவிடும்.

மேனேஜருக்குப் போன் போடுவதை நிறுத்தினதும் வீட்டில் சண்டை குறையாது, கூடும். பலர் இந்தக் கட்டத்தில்தான் "கவுன்சிலிங் போய்த்தான் கெட்டுப்போச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். அதனால் எளிதானதில் தொடங்க வேண்டும்: போன் முதலில், கடன் பிறகு. "நாளைக்குச் சொல்றேன்" என்று தள்ளிப்போடப் பழகுவதே ஒரு ஹோம்வொர்க். இன்னொரு சறுக்கல், ஒவ்வொரு முடிவுக்கும் தெரபிஸ்டுக்கே வாட்ஸ்அப் அனுப்புவது. புருஷன் இருந்த இடத்தில் தெரபிஸ்ட் வந்து உட்கார்ந்த கதை அது. நல்லவர் அதை வளரவிட மாட்டார்.

முக்கியமாக, கோபத்தில் பாட்டிலை ஒளித்துவைத்து ஒரே நாளில் குடியை நிறுத்தவைக்க வேண்டாம். தினமும் நிறையக் குடிப்பவருக்குத் திடீரென நின்றால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. அதை டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

வைகைக்கரை:
நன்றி. அடி இல்லை. தனியாரிடம் போகப் பணம்தான் இடிக்கிறது. அவருக்குத் தெரியாமலும் போக வேண்டும்.

தாமிரபரணி:
மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் ஓ.பி. சீட்டுப் போட்டு, "கவுன்சிலிங் வேண்டும்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கூட்டத்தில் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். வெளியே போக முடியாத நாளில் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ், 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது, ஊர் பேர் கேட்க மாட்டார்கள். அவரே சிகிச்சைக்குச் சம்மதிக்கும் நாள் வந்தால் குடிநோய்க்குச் சிகிச்சை தரும் சென்னை டிடிகே மருத்துவமனையை விசாரியுங்கள். அங்கே குடும்பத்தாருக்கும் தனிப் பயிற்சி உண்டு.

தனியாரிடம் போவதானால் பீஸ் எவ்வளவு, வராத நாளுக்கும் பிடிப்பார்களா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். அப்பாயின்ட்மென்ட் எஸ்.எம்.எஸ். அவள் நம்பருக்கு வரக்கூடாது, உங்கள் நம்பரைக் கொடுங்கள். ஜிபே வேண்டாம், ரொக்கம்.