பயாலஜிக் ஊசி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பகுதியை அடக்கும் மருந்து) போட்டுக்கொண்டவர்களே, உங்களுக்கு என்ன ஆனது?

வைகைக்கரை:
எனக்கு ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், அதாவது முதுகெலும்பு இறுகிப்போகும் வாதம். அதற்கு அடலிமுமாப் ஊசி 40 மி.கி., இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. மற்றதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதைதான். இரண்டாவது ஊசிக்குப் பிறகே குனிந்து ஷூ லேஸ் கட்ட முடிந்தது. ஆறாவது ஊசிக்கு முந்தின நாள், மடியில் உட்கார்ந்திருந்த மகள் என் கழுத்தைத் தடவி, "அப்பா, இங்க நெல்லிக்காய் மாதிரி என்னமோ இருக்கு" என்றாள். வலியே இல்லை. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருக்கும், விடியும்போது தலையணை உறை நனைந்திருக்கும். வெயில் காலம்தானே என்று விட்டிருந்தேன். மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து ஊசியை எடுத்து நானே வயிற்றில் போட்டுக்கொண்டேன். கட்டி இருப்பது தெரிந்தும் போட்டேன், அதுதான் இன்னும் உறுத்துகிறது. பயாப்ஸியில் காசநோய் என்று வந்தது. தொடக்கத்தில் பார்த்த மாண்டூ (கைத்தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் டிபி சோதனை), எக்ஸ்ரே இரண்டிலும் ஒன்றும் இல்லை. இப்போது ஊசியை நிறுத்திவிட்டு டிபி மாத்திரை ஓடுகிறது. முதுகு மறுபடியும் பிடித்துக்கொண்டது.

நீலமலர்:
எனக்கு எட்டனர்செப்ட், வாரம் 50 மி.கி. மூன்றாவது ஊசி போட்ட மறுநாள் இடது தொடை உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து ஒரே அரிப்பு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அதற்கு முந்தின வாரம் ஊசி போட்ட வலது தொடையிலும் அந்தப் பழைய இடம் சிவந்து எழும்பியிருந்தது! அன்றைக்கு அங்கே ஊசியே படவில்லை. குளியலறையில் நின்று அழுதுவிட்டேன். பழைய இடம் இப்படிச் சேர்ந்து சிவப்பது உண்டு என்று டாக்டர் சொன்னார், சில வாரத்தில் தானாகவே நின்றது. முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வைகைக்கரை அண்ணா, டிபி மாத்திரையை மட்டும் நடுவில் விட்டுவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி, மாண்டூவில் ஒன்றும் இல்லை என்பதோடு விடக்கூடாது. அப்போது ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிட்டீர்களா? சாப்பிட்டால் உள்ளே கிருமி இருந்தாலும் கை தடிக்காமல் போகலாம். டிஎன்எஃப் என்பது உடம்பில் சுரக்கும் ஒரு புரதம், பழைய டிபி கிருமியைச் சுற்றி உடம்பு போட்ட வேலியைக் காப்பது. உங்கள் ஊசி அதைத்தான் அடக்குகிறது. வேலி தளர்ந்தால் தூங்கிய கிருமி எழுந்துவிடும், நுரையீரலை விட்டு நெறிக்கட்டிலும் வரும். என் கதை சின்னது. சோரியாசிஸுக்கு செகுகினுமாப் என்ற பயாலஜிக் ஊசி, நான்காம் மாதம் நாக்கில் தயிர் ஏடு போல வெள்ளைப் பூஞ்சை, மருந்தில் போய்விட்டது. ஆனால் மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். தொடங்கும் முன் டிபியோடு ஹெபடைடிஸ் பி-யும் பாருங்கள். தட்டம்மை, சின்னம்மை மாதிரி உயிருள்ள கிருமித் தடுப்பூசி பாக்கி இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள், ஊசி ஓடும்போது போடக்கூடாது. மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறைந்துவிட்டால் குளிர் விட்டபின்னும் போடாதீர்கள். போடும் முன் அரைமணி நேரம் வெளியே வையுங்கள், எரிச்சல் குறையும். சீக்கிரம் ஆகட்டும் என்று வெந்நீரில் வைக்காதீர்கள். காய்ச்சலோ ஆறாத புண்ணோ இருந்தால் அன்றைக்குப் போடாமல் முதலில் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

ஒரு தாய்:
ஐயா, தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் அந்தத் தம்பி ஏற்கெனவே தன்னை நொந்துகொண்டு எழுதுகிறார். அவரிடம் இப்போது கேள்வி கேட்க வேண்டாமே.

என் மகனுக்கு ஒன்பது வயது, குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம். சனிக்கிழமை ராத்திரிதோறும் மெத்தோட்ரெக்சேட் ஊசி, இது பயாலஜிக் இல்லைதான். அந்த மருந்து நல்ல மஞ்சள் நிறம். ஃபோலிக் ஆசிட், வாந்தி மாத்திரை எல்லாம் கொடுத்தும் ஞாயிறு முழுக்கக் குமட்டல். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் எலுமிச்சை சாதம் தட்டில் போட்டேன். பார்த்ததுமே குமட்டி வாந்தி எடுத்தான். ஊசி போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது, ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. "கலர்மா" என்றான், அவ்வளவுதான். அன்றிலிருந்து வீட்டில் எலுமிச்சை சாதம் இல்லை. சிரிஞ்சில் வெள்ளைத் துணி சுற்றித்தான் அவன் அப்பா எடுத்து வருகிறார். முழங்கால் வீக்கம் வடிந்து தெருவில் பந்து விளையாடுகிறான், அதனால் நிறுத்தவும் மனம் வரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே பக்கத்தில் வந்து நிற்கிறான்: "அம்மா, நாளைக்குச் சனிக்கிழமையா?"