தாய்லாந்தின் உள்ளூர் நகரங்களில் 500–800 பாட் ஹோட்டல்: தங்குவோர் அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

ஈசான் பயணி

பேங்காக், பட்டாயா பற்றிக் கேட்டால் ஆயிரம் பேர் பதில் சொல்வார்கள். உடோன் தானி, கோன் கேன், உபோன், பிட்சனுலோக், திராங் போன்ற ஊர்களில் மலிவாக அறை எடுப்பது வேறு கணக்கு. இந்த விலைக்கு மூன்று வகை கிடைக்கும். ஒன்று, ரயில் நிலையத்தையோ சந்தையையோ ஒட்டிய பழைய சீன ஹோட்டல்: நான்கைந்து மாடி, பெரிய அறை, பழைய குழாய்கள். இரண்டாவது, ஹாப் இன், பி2 மாதிரி சங்கிலி ஹோட்டல்: அறை சின்னது, ஆனால் எந்த ஊரிலும் ஒரே மாதிரி. மூன்றாவது, பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள அபார்ட்மெண்ட். மாத வாடகைக்குக் கட்டி, காலி அறைகளை நாள் வாடகைக்கு விடுவார்கள். அமைதியானது, ஆனால் ராத்திரி ரிசப்ஷனில் ஆள் இருக்கமாட்டார்கள்.

எதுவானாலும் ஒரு இரவுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். கட்டும்முன் "கோ தூ ஹோங் கோன்" (முதலில் அறையைப் பார்க்கிறேன்) என்று கேளுங்கள். ஆண்கள் கடைசியில் "க்ரப்", பெண்கள் "க்கா" சேர்த்தால் போதும். அங்கே இது சாதாரண வழக்கம், சாவியைக் கையில் கொடுத்தே அனுப்புவார்கள். செயலியில் உள்ள படம் கட்டடம் புதிதாக இருந்தபோது எடுத்தது. நீங்கள் தூங்கப்போகும் அறை அது இல்லை.

மேலே போனதும் முதல் வேலையாக ஏசியை 25-இல் போடுங்கள். சாவி அட்டையைச் செருகினால்தான் மின்சாரம் வரும் அறைகளில், மின்சாரம் வந்தபின் கம்ப்ரசர் ஓட மூன்று நிமிடம் வரை ஆகும். அது பழுதில்லை, கம்ப்ரசரைக் காக்க வைத்திருக்கும் தாமதம். அந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்து வெளியே என்ன இருக்கிறதென்று பாருங்கள். பக்கத்து அறை ஏசியின் வெளி யூனிட் ஜன்னலுக்கு அடியில் இருந்தால் இரவு முழுக்க உறுமல்தான். கரோக்கியும் இரவுச் சந்தையும் தெருப்பக்கம் இருப்பதால் பின்பக்க அறை நல்லது. பிறகு பாத்ரூம் கதவைத் திறந்து மூக்கை நம்புங்கள்.

ஒரு பெரிய கட்டில் போதுமா, இரண்டு கட்டில் வேண்டுமா என்பதை விரலால் காட்டிச் சொல்லிவிடுங்கள். "சிங்கிள் ரூம்" என்று பலகையில் இருப்பது பெரும்பாலும் இருவர் படுக்கும் ஒற்றைக் கட்டில்தான்.

மின்குழாய்

பாத்ரூம் விஷயத்தை நான் விரித்துச் சொல்கிறேன், புகார்களில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

சாக்கடை நாற்றம் வந்தால் உடனே அறையை ஒதுக்காதீர்கள். தரைத் துளைக்கு அடியில் வளைவான குழாயில் தண்ணீர் நின்று காற்றை அடைத்திருக்கும். ஆள் தங்காத அறையில் அந்தத் தண்ணீர் வற்றி, கீழிருந்து காற்று நேராக மேலே ஏறும். இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் ஊற்றி, கதவைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் கழித்து வாருங்கள். போய்விட்டால் அந்த அறையில் குறை இல்லை. போகாவிட்டால் குழாயமைப்பே கோளாறு, வேறு மாடி கேளுங்கள்.

சுடுதண்ணீருக்குச் சுவரில் மாட்டிய சின்ன ஹீட்டர்தான், தொட்டி கிடையாது. பெரும்பாலும் 3,500 வாட். இதன் வலு என்ன என்று தெரிந்தால் கோபம் வராது: நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் தண்ணீர் ஏறக்குறைய 16–17 டிகிரி சூடேறும், 5 லிட்டர் ஓடினால் 10 டிகிரிதான். டிசம்பர், ஜனவரியில் ஈசானிலும் (வடகிழக்குத் தாய்லாந்து) வடக்கிலும் குழாய்த் தண்ணீர் சில்லென்று இருக்கும், அப்போது குழாயைக் குறைத்துத் திறக்க வேண்டும். ஆனால் ரொம்பக் குறைத்தால் ஹீட்டர் அணைந்துவிடும், ஏனென்றால் குறிப்பிட்ட அளவு ஓட்டம் இருந்தால்தான் உள்ளே சுவிட்ச் விழும். மேல் மாடிகளில் "ஹீட்டர் வேலை செய்யவில்லை" என்பது பல சமயம் இந்த அழுத்தக் குறைவுதான். ஷவர் தலையைக் கழற்றி அடைத்திருக்கும் மணலைத் தட்டிவிட்டாலே சரியாகும். ஹீட்டரின் விளக்கே எரியவில்லை என்றால் பாத்ரூமுக்கு வெளியே, கதவுக்கு மேலே உள்ள பிரேக்கரைப் பாருங்கள், சுத்தம் செய்பவர்கள் அணைத்துவிட்டுப் போவார்கள். உடம்பில் சுரீர் என்று ஒரு துளி மின்சாரம் பட்டாலும் அந்த அறை வேண்டாம். அதில் சமரசமே கூடாது.

கழிப்பறையில் கைபீச்சுக் குழாய் இருக்கும், நம் ஆட்களுக்கு நிம்மதி. காகிதத்தைப் பக்கத்துக் கூடையில் போடுங்கள், குறுகிய பழைய குழாய் அடைத்துக்கொள்ளும்.

இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு: அங்கும் 220 வோல்ட்தான். இரண்டு பின் போன் சார்ஜர் பொருந்தும். லேப்டாப்பின் தடித்த மூன்று பின் பொருந்தாது, மாற்றி கொண்டுபோங்கள். சாவி அட்டையை எடுத்தால் சார்ஜரும் நின்றுபோகும் என்பதால் வெளியே போகும்முன் போனைச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

பட்டர்வொர்த் வாசி

மலேசிய எல்லைக்கு அருகே உள்ள தெற்குத் தாய்லாந்து நகரம் ஹட்யாய் பற்றி மலேசியத் தமிழர்களுக்காக. தம்மனூன்விதி சாலை ரயில் நிலையத்தில் முடிகிறது, அதைச் சுற்றித்தான் மலிவு விடுதிகள். இங்கே முக்கியச் சிக்கல் ஜன்னல். கட்டடங்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதால் பல அறைகளின் ஜன்னல் காற்றுக்கிணற்றை (சுவர்களுக்கு நடுவே விட்ட குறுகிய வெளி) பார்த்திருக்கும், சில அறைகளுக்கு ஜன்னலே இல்லை. ஏர்கோன் நின்றால் மூச்சு முட்டும். பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

நம் பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதிகளிலும் அதே அறை விலை ஏறும். ஞாயிறு இரவு முதல் வியாழன் வரை பார்த்தால் மிச்சம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வையுங்கள். பகல் 12-க்கு அறையைக் காலி செய்வது, ரயில் நேரம், எல்லாம் தாய் நேரப்படி.

மழையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2000, 2010, 2025, மூன்று பெருவெள்ளமும் நவம்பரில்தான் வந்தன. சென்னையை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவமழை. தாழ்வான கிண்ணம் போன்ற ஊர், ஊடே ஊ-தபாவ் கால்வாய். நவம்பர், டிசம்பரில் மூன்றாம் மாடிக்குக் கீழே எடுக்க வேண்டாம். கார் கொண்டுவந்தால் அடித்தள நிறுத்தத்தில் விடாதீர்கள். இரண்டு பாட்டில் தண்ணீர், பவர்பேங்க், கொஞ்சம் ரொக்கம் அறையிலேயே இருக்கட்டும், கரண்ட் போனால் லிப்டும் க்யூஆர் கட்டணமும் சேர்ந்து நின்றுவிடும்.

சைவச் சாப்பாடு

இந்த விலையில் காலை உணவு தந்தால் அது அரிசிக் கஞ்சி, பொரித்த முட்டை, டோஸ்ட், காபித்தூள். வெள்ளையாக இருக்கிறதே என்று கஞ்சியை நம்ப வேண்டாம், பெரும்பாலும் பன்றி எலும்புச் சாறில் கொதித்தது. சைவர்கள் தெருவில் மஞ்சள் கொடியைத் தேடுங்கள். அதில் சிவப்பில் 17 என்ற எண் மாதிரி தெரியும் எழுத்து "ஜே". இறைச்சி, மீன் சாறு, முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் இல்லாத சீனச் சைவம். இந்தக் கடைகளில் பல காலையிலேயே திறந்து மதியத்துக்குள் காலியாகிவிடும், ஆகவே இரவுக்கு நம்பி உட்காராதீர்கள். மற்ற கடைகளில் "மை சை நாம் ப்லா" என்றால் மீன் சாறு சேர்க்கமாட்டார்கள். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் வரும் ஒன்பது நாள் சைவ விழாவில் திராங், ஹட்யாய் எங்கும் மஞ்சள் கொடிதான். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, அறைதான் கிடைக்காது.

கணக்கு வழக்கு

டெபாசிட் 100 முதல் 500 பாட், ரொக்கமாக. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விடியற்காலை ரயில் என்றால் முந்தைய இரவே சொல்லிவிடுங்கள், அறையைப் பார்த்த பிறகுதான் பணம் தருவார்கள், ஐந்து மணிக்குப் பார்க்க ஆள் இருக்காது. டெபாசிட் பிடிபடுவது பெரும்பாலும் புகை, டுரியான், மங்குஸ்தான், இந்த மூன்றால். டுரியானின் வாடை தெரிந்ததுதான். மங்குஸ்தான் தோலின் ஊதாச் சாறு வெள்ளை விரிப்பில் பட்டால் எளிதில் போகாது. வாங்கினால் வெளியே உட்கார்ந்து தின்றுவிட்டு வாருங்கள். வேப் கருவி அந்த நாட்டில் சட்டவிரோதம், பையில்கூட வேண்டாம்.

பாஸ்போர்ட்டை நகலெடுப்பார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு அறிவிக்க வேண்டியது தங்குமிடத்தின் கடமை. நகலெடுத்ததும் அசலைத் திரும்ப வாங்குங்கள். 2025 மே 1 முதல் வருகை அட்டை இணையத்தில்தான்: வந்து சேருமுன் மூன்று நாளுக்குள், இலவசம், காசு கேட்கும் தளம் போலி. அதில் தங்குமிட முகவரியை மாகாணம், மாவட்டம், துணை மாவட்டம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். மாகாணத் தலைநகர் என்றால் மாவட்டம் "முவாங்" என்று தொடங்கும். ஹட்யாய் மாகாணப் பட்டியலில் இருக்காது, சோங்க்லாவுக்குள் தேடுங்கள்.

வெளிநாட்டு அட்டையால் ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் கட்டணம், கிட்டத்தட்ட அரை நாள் அறை வாடகை. மொத்தமாக எடுங்கள்.

ஈசான் பயணி

"கணக்கு வழக்கு" நண்பர் சொன்னதோடு இன்னும் ஒன்று: ஊர்ப் பேருந்து நிலையங்கள் பல நகருக்கு வெளியே போய்விட்டன. பிட்சனுலோக்கிலும் கோன் கேனிலும் "பேருந்து நிலையம் அருகில்" என்று எடுத்தால் இரவுச் சாப்பாட்டுக்கே வண்டி பிடிக்க வேண்டும். ரயில் நிலையம் பழைய இடத்திலேயே இருக்கிறது, வரைபடத்தில் அதை வைத்துத் தேடுங்கள். உடோனில் நிலையத்திலிருந்து இரவுச் சந்தைக்கு நடந்தே போகலாம்.

அறை முழுக்க நிரம்பும் நாட்கள்: ஏப்ரல் 13–15 சொங்க்ரான் (தாய்ப் புத்தாண்டு), உபோனில் மெழுகுவர்த்தி விழா, சுரினில் நவம்பர் யானைத் திருவிழா. யாரும் எதிர்பார்க்காதது பட்டமளிப்பு விழா. கோன் கேன், பிட்சனுலோக் மாதிரி பல்கலைக்கழக ஊர்களில் குடும்பம் குடும்பமாக வந்து மாதக்கணக்கில் முன்பே பிடித்துவிடுவார்கள். செயலியில் திடீரென்று ஊரே காலியில்லை என்று காட்டினால், ஐம்பது கிலோமீட்டர் தள்ளி அடுத்த ரயில் ஊரில் தேடுங்கள், வழக்கமான விலைக்கே கிடைக்கும்.