‘ஃபைனல் கட்’: தமிழில் எப்படிச் சொல்வது?

கோவை ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கமுங்க. காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சூப்பர் ஹீரோ படங்களில் ஸ்டுடியோவின் பிடி, இயக்குநரின் சுதந்திரம் பற்றிய பாடம். எடுத்துக்காட்டு ஜஸ்டிஸ் லீக். மகளை இழந்த துயரத்தில் அதன் இயக்குநர் ஸாக் ஸ்னைடர் 2017 மே மாதம் விலகினார். ஜாஸ் வீடன் வந்து பல காட்சிகளை மாற்றி எடுத்தார். நவம்பரில் இரண்டு மணி நேரப் படமாக வந்தது. ஸ்னைடரின் வடிவம் 2021இல் வந்தபோது நான்கு மணி நேரம். இதில் ‘ஃபைனல் கட்’டை, அதாவது எந்த வடிவம் திரைக்குப் போவது என்று தீர்மானிக்கும் உரிமையை, என்னவென்று எழுத? ‘இறுதி வெட்டு’ என்றால் பிள்ளைகள் சென்சார் வெட்டு என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

பொள்ளாச்சிப் புலவர்:
கடைத்தொகுப்பு. கடைச்சங்கம், கடைமடை, கடைக்குட்டி என எங்கும் கடை முடிவையே குறிக்கும். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என, மூலமான முதனூலைத் தழுவி வரும் வழிநூலை நான்காக வகுத்தது தொல்காப்பியம். அப்படியானால் பின்னால் வந்த ஸ்னைடர் வடிவம் முதனூலா, வழிநூலா? இதை முதலில் தீர்க்க வேண்டும்.

சோமனூர் அன்பர்:
ஐயா, கடை என்றால் பிள்ளைகளுக்குக் கடைவீதிதானுங்க. தறித்தல் என்றாலும் வெட்டுதலே. ‘முடிதறி’ எனலாமே?

புலவர்:
சோமனூரில் தறி என்றால் விசைத்தறி அல்லவா, தம்பி?

ஈரோட்டுப் படத்தொகுப்பாளர்:
தொகுப்பது எங்கள் வேலை. இங்கே கேட்பது ஓர் உரிமைக்கான பெயர். அமெரிக்க இயக்குநர் சங்க ஒப்பந்தப்படி, பெரிய படமென்றால் இயக்குநர் தன் வடிவத்தைத் தொகுத்துக் காட்டப் பொதுவாக 10 வாரம் உண்டு. அதன்பிறகு ஸ்டுடியோ கை வைக்கலாம். ‘உரிமை’ இல்லாத எந்தச் சொல்லும் பாதிச் சொல்தான்.

கரூர் அன்பர்:
ஈரோட்டார் சொன்னதே சரி. அதற்கான சொல்லைப் பழையவர்கள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார்; தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பாட்டை அடுக்கியவர் ஒருவர், அடுக்கச் செய்தவர் இன்னொருவர். ஸ்டுடியோவின் இடம் அந்தப் பிறவினையில்தான் இருக்கிறது. இரண்டாம் சூப்பர்மேன் படத்தின் பெரும்பகுதியை எடுத்த ரிச்சர்ட் டானரை விலக்கிவிட்டு, ரிச்சர்ட் லெஸ்டரை வைத்து முடித்தார்கள். டானரின் வடிவம் 2006இல்தான் வெளிவந்தது. காட்சி அவருடையது, ‘தொகுப்பிப்புரிமை’ அவருடையது அல்ல. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் முதலாளி டி.ஆர். சுந்தரமே பல படங்களை இயக்கினார். அங்கே இரண்டும் ஒரே கையில். (சேரர் தலைநகர் வஞ்சி கரூரா என்ற வழக்கை யாரும் இங்கே இழுக்க வேண்டாம்.)

புலவர்:
வஞ்சி கரூரேதான். கல்வெட்டு இருக்கிறது.

பெருந்துறை ஆசிரியர்:
‘தொகுப்பிப்பு’ இலக்கணப்படி சரி, மறுக்கவில்லை. தேர்வுத்தாளில் பிள்ளைகள் ஒரு ‘பி’யை விட்டால் ஸ்டுடியோவின் உரிமை எடிட்டருக்குப் போய்விடும். படித்தவுடன் விளங்க வேண்டும். ‘இறுதித் தொகுப்புரிமை’ போதும்.

சோமனூர் அன்பர்:
எனக்கும் சம்மதமுங்க.

ஈரோட்டுப் படத்தொகுப்பாளர்:
எனக்கும். நாலு நாளாகப் பேசியாயிற்று.

கோவை ஆசிரியை:
எல்லோருக்கும் நன்றிங்க. ‘இறுதித் தொகுப்புரிமை’ என்றே அனுப்பிவிட்டேன். பக்கத்தில் ஃபைனல் கட் என்றும் போட்டிருக்கிறேன்.

கரூர் அன்பர்:
அச்சுக்குப் போனது போகட்டுமுங்க. ஆனால் ‘இறுதி’ காலத்தைச் சொல்கிறது, கையைச் சொல்லவில்லை. ஜஸ்டிஸ் லீக்கில் கடைசியாக வந்தது ஸ்னைடர் வடிவம். 2017இல் எந்த வடிவம் திரைக்குப் போவது என்று தீர்மானித்தது ஸ்டுடியோ. அவர் வடிவத்துக்கு 2021இல் பணம் போட்டு வெளியிட்டதும் அதே நிறுவனம். அடுத்த பதிப்பில் ‘தொகுப்பித்தவர்’ என்பதையாவது ஓர் அடிக்குறிப்பில் சேருங்கள், அம்மா.

புலவர்:
முதனூலா வழிநூலா என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.