மறு: பிக்கப் வண்டியின் பின்பம்பரில் மாட்டும் ரப்பர் மெத்தைக்குத் தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம். நம் கலைச்சொல் குழுவில் வந்த இந்தக் கேள்விக்கு நண்பர் ஒருவர் சொன்ன பதிலைப் பற்றி என் கருத்து இது.

> பின்மோதுதாங்கிக் காப்பு என்று வைத்துக்கொள்ளலாமே.

ஐயா, இதில் தாங்கி, மோது, காப்பு என்ற மூன்று பகுதிகளுமே எனக்கு உறுத்துகின்றன. 'தாங்கி'யை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இயந்திரவியல் கலைச்சொல்லில் தாங்கி என்றால் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங். இலங்கை நண்பர்களுக்கு அது தண்ணீர்த் தொட்டி, போர்க்களத்தில் யுத்த தாங்கி. இடிதாங்கி கட்டடத்தின் உச்சியில் நிற்கிறது. ஏற்கெனவே இத்தனை வேலை பார்க்கும் சொல்லின் மேல் இன்னொன்றையும் ஏற்ற வேண்டாம். பம்பரைப் பம்பர் என்றே விட்டுவிடலாம். பட்டறையில் அப்படித்தான் கேட்கிறார்கள், எழுதுகிறார்கள். நமக்குப் பெயர் தேவைப்படுவது அதன் மேல் மாட்டும் பொருளுக்கு.

'மோது' அதைவிடப் பெரிய சிக்கல். நெடுஞ்சாலையில் நடப்பது மோதல். வண்டி நிறுத்துமிடத்தில் பின்னால் எடுக்கும்போது தூணில் படுவது முட்டல். பக்கத்து வண்டியோடு உராய்ந்தால் உரசல். இந்த வேறுபாட்டைத் தமிழ் பேசும் எவரும் யோசிக்காமலே கடைப்பிடிக்கிறார்கள். இந்த மெத்தையால் முடிவது முட்டலைச் சமாளிப்பது மட்டும்தான். பெயரில் 'மோது' வந்தால் அது செய்ய முடியாததைச் செய்யும் என்று வாக்குக் கொடுத்ததாகிவிடும்.

கணக்குப் போட்டால் இது தெளிவாகும். அமெரிக்காவில் ஓடும் முழு அளவு பிக்கப் ஒன்றின் எடையை 2,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது மணிக்கு 4 கி.மீ. வேகத்தில், அதாவது நடைவேகத்தில், பின்னால் வந்து அசையாத தூணில் முட்டினால் சுமார் 1,420 ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். வெறும் எஃகு பம்பர் 1 செ.மீ. மட்டும் நசுங்கி வண்டி நின்றது என்றால் சராசரி விசை ஏறக்குறைய 14 டன் எடைக்குச் சமம். நடுவில் இருக்கும் ரப்பர் 3 செ.மீ. அமுங்கிக் கொடுத்தால் அது 5 டன்னுக்குள் வந்துவிடும். அதுவும் பம்பரை வளைக்கக்கூடிய விசைதான். ஆனால் வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகிவிடும். மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் அதே 3 செ.மீ. அமுக்கம் விசையை 1.2 டன் அளவுக்கு இறக்கிவிடுகிறது. மெத்தை உண்மையாகவே உதவுவது இந்த ஊர்ந்து போகும் வேகத்தில்தான். அதற்கு மேல் போனால் ரப்பர் முழுதாக அமுங்கிவிடும், மீதி அடி நேராக எஃகில் இறங்கும்.

பிக்கப்புக்கு இது ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயருக்கான காரணமே அதில் இருக்கிறது. இன்றைய காரின் பம்பரில் வெளியே பிளாஸ்டிக் தோல், உள்ளே நுரை, அதற்கும் பின்னால் குறுக்குச் சட்டம். மணிக்கு 2.5 மைல் வேக முட்டலைத் தாங்க வேண்டும் என்ற அமெரிக்க விதி 1982 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது பயணிகள் காருக்கு மட்டும். பிக்கப், வேன் போன்றவை அந்த விதிக்குள் வருவதில்லை. பிக்கப்பின் பின்பம்பர் பெரும்பாலும் அச்சில் அழுத்தி வளைத்த எஃகுத் தகடு, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் நுனியில் நேராகப் போல்ட் போட்டது. அதில் ஏறி நின்று சரக்கு ஏற்றுகிறார்கள், டிரெய்லரை அங்கேயே கோக்கிறார்கள். பாதி நேரம் அது படிக்கட்டு. உள்ளே நுரை கிடையாது. சிறு முட்டல் கூடக் குரோம் பூச்சில் பள்ளமாக நின்றுவிடும். பம்பர் மேல்நோக்கி வளைந்தால் அதற்கு நேர் மேலே இருக்கும் பின்கதவையும் இடிக்கும். உள்ளே இல்லாத அந்த நுரையைத்தான் இந்த ரப்பர் வெளியே கொண்டுவந்து வைக்கிறது.

> கவசம் அல்லது காப்பு என்றால் எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறு பொருளாகப் புரியும். தமிழ்நாட்டில் உதிரிபாகக் கடையில் பம்பருக்குக் 'கார்டு' (guard) வேண்டும் என்று கேட்டால் எஃகுக் குழாயை எடுத்து வைப்பார்கள். அந்த வகைக் குழாய்களைக் கழற்றச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு அவை எதிரானவை என்பதும், நடந்து போகிறவர்களுக்கும் வண்டிக்குள் இருப்பவர்களுக்கும் ஆபத்து என்பதும் அதில் சொன்ன காரணங்கள். குழாய் அமுங்குவதில்லை. பட்ட அடியை அப்படியே சேஸிஸுக்குக் கடத்துகிறது. ரப்பர் செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வாங்குகிறவர் ஒன்றை நினைத்து இன்னொன்றை மாட்டிக்கொள்வார்.

என் பரிந்துரை: முட்டுச் சும்மாடு.

சும்மாடு தலைக்கும் சுமைக்கும் நடுவில் இருப்பது. சுமையின் எடையை அது குறைப்பதில்லை. ஒரே இடத்தில் அழுந்தாமல் பரப்பிவிடுகிறது, கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கிறது, நைந்துபோனால் வேறு துணி சுருட்டிக்கொள்ளலாம். எஃகுக்கும் தூணுக்கும் நடுவில் இந்த ரப்பர் செய்வதும் இவ்வளவுதான், இதற்கு மேல் எதுவும் இல்லை. சித்தாள்களும் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களும் இன்றும் புழங்கும் சொல். பழமை வேண்டும் என்பவர்களுக்கு, சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் மோர் விற்கப் போகும் ஆயர்பெண் பானையைச் சுமட்டின், அதாவது சும்மாட்டின், மேல் வைத்துத்தான் எடுத்துச் செல்கிறாள். உழைப்பாளிகள் வாயில் இருப்பதாலேயே ஒரு சொல்லைக் கலைச்சொல்லாக ஏற்கத் தயங்குவது நம் குழுவுக்கு அழகல்ல என்று நினைக்கிறேன். வேலையைத் துல்லியமாகச் சொல்லும் சொற்கள் பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கின்றன.

அப்புறம், இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னும் இரண்டு பொருள்களைப் பிரித்துவிட வேண்டும். டிரெய்லர் கோப்பதற்காகப் பம்பருக்குக் கீழே ஒரு சதுரக் குழல் இருக்கும், பல பிக்கப்புகளில் 2 அங்குல அளவு. அதில் செருகிப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி பூட்டும் கட்டை ஒன்று விற்கிறார்கள். சிலவற்றின் முகப்பில் கொஞ்சம் ரப்பரும் ஒட்டியிருக்கும். அடி முதலில் அதில்தான் படும், பம்பர் தப்பும். ஆனால் விசை முழுக்கச் சேஸிஸ் சட்டத்துக்குப் போகும். பின்னால் நிற்பது கார் என்றால் அதன் முன்பக்கத்துக்குத்தான் சேதம் அதிகம். நடந்து போகிறவரின் கணுக்காலையும் பதம் பார்க்கும். இதற்கு குழல் முட்டுக்கட்டை போதும். கட்டை என்ற சொல்லே அமுங்காது என்பதைச் சொல்லிவிடுகிறது.

மூன்றாவது, சரக்கு ஏற்றி இறக்கும்போது கீறல் விழாமல் பம்பரின் மேல்பக்கத்தில் ஒட்டும் பட்டை. அது முட்டலுக்கே ஆனதல்ல. மேற்பட்டை என்றால் தீர்ந்தது.

சொற்பட்டியலில் பெயரோடு ஒரு விளக்கக் குறிப்பும் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்க பிக்கப்புகளில் பதிவெண் பலகை பெரும்பாலும் பின்பம்பரின் நடுவில்தான் இருக்கிறது. மெத்தை அதையும் அதன் விளக்கையும் மறைக்கக் கூடாது. பின்னால் தடை இருந்தால் எச்சரிக்க பம்பரில் துளையிட்டுப் பொருத்திய மீயொலி உணரிகளுக்கு முன்னால் ரப்பர் வந்தால், எதுவும் இல்லாதபோதே எச்சரிக்கை ஒலிக்கும், அல்லது உண்மையான தடையைக் காட்டாமல் விட்டுவிடும். 2018 மே முதல் அமெரிக்காவில் விற்கும் புதிய இலகு ரக வண்டிகள் அனைத்திலும் பின்காட்சி வசதி, அதாவது பின்பக்கத்தைத் திரையில் காட்டும் கேமரா, கட்டாயம். பிக்கப்பில் அந்தக் கேமரா வழக்கமாகப் பின்கதவில் இருப்பதால் மெத்தையால் அதற்குத் தொல்லை குறைவு.

பட்டியலுக்கான வரைவு இது:

*முட்டுச் சும்மாடு: வண்டியின் பம்பருக்கு வெளியே மாட்டும், அமுங்கிக் கொடுக்கும் ரப்பர் அல்லது நுரை மெத்தை. ஊர்ந்து செல்லும் வேகத்தில் நேரும் முட்டலின் விசையைப் பரப்பிக் குறைக்கும். மோதலுக்குப் பாதுகாப்பு ஆகாது.*

'முட்டு' வன்தொடர்க் குற்றியலுகரம் (வல்லின மெய்க்குப் பின் குறுகி ஒலிக்கும் உகரத்தில் முடியும் சொல்) என்பதால் அடுத்து 'ச்' என்ற ஒற்று மிக வேண்டும். அதை விடாமல் எழுதுவோம். இலங்கை நண்பர்கள் ஒன்று சொல்லுங்கள்: உங்கள் பக்கம் பம்பரைப் பஃபர் என்று சொல்வதால், சும்மாடு என்றதும் அதையே குறிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டா? அப்படி இருந்தால் வரைவின் முதல் வரியில் 'பம்பர், பஃபர்' என்று இரண்டையும் சேர்த்துவிடுகிறேன்.